நான்கு பச்சை விளக்கும் ஒரு பை-டூ காபியும்

வாழி அய்யாவு! நீலசந்திராவின் நெருக்கமான சந்துகளில், தண்ணீர்க் குடங்களின் வரிசைக்கு நடுவே சைக்கிள் ஓட்டப் பழகி, அக்குடங்களில் ஒன்றையேனும் உருட்டாத கீர்த்தி பெற்று, பின்னாளில் விசைப்பலகையை வில்லாகவும் அரைப்புள்ளியை அம்பாகவும் ஏந்தி, 'சி' என்னும் ஓரெழுத்து மொழியில் நிரல் தொடுக்கும் நெடுந்தகையே, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து மேலும் மங்கலாக்கிக்கொண்ட மாவீரனே, உன் பெரும்போரை உலகறியப் பாடப் புகுகிறேன்.

பாடுமுன் வணங்க வேண்டியவர்களை வணங்கிவிடுகிறேன். மின்சாரமே, இன்று ஒரு நாள் போகாதிரு. விவேக் நகரின் மூன்றாம் மாடி ஆபீஸுக்கு ஆட்களை ஏற்றியிறக்கும் லிஃப்டே, இரண்டாம் மாடியில் நின்று பெருமூச்சு விடும் உன் பழக்கத்தைச் சற்றே மற. வியாழன்தோறும் குழந்தை இயேசு ஆலயத்துக்குத் திரண்டு வரும் பக்தர் வெள்ளமே, அன்று காலை நீ வழியை நிறைத்ததால்தான் நாயகன் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தான், நடந்ததால்தான் அவனுக்கு ரத்தம் சூடேறியது, சூடேறியதால்தான் அந்தச் சபதம் பிறந்தது. உனக்கும் ஒரு கும்பிடு.

இனிப் போர்க்களத்தைச் சொல்கிறேன். அந்த ஆபீஸ், ஊரார் கணினிக் கோப்புகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்தும் மென்பொருள் செய்வது. நகலெடுக்க வேண்டுமானால் முதலில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். கோப்புகள் குடியிருக்கும் வீட்டுக்கு அடைவு என்று பெயர்; ஆபீஸில் எல்லோரும் டைரக்டரி என்பார்கள். 'ஓபன்டிர்' என்று சொன்னால் அவ்வீட்டின் கதவு திறக்கும். 'ரீட்டிர்' என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளிருந்து ஒருவர் வாசலுக்கு வந்து தன் பெயரைச் சொல்வார். 'குளோஸ்டிர்' என்றால் கதவு மூடிக்கொள்ளும். வித்தை அவ்வளவுதான்.

இதில் என்ன போர் என்று உதடு பிதுக்கும் அன்பர்களே, கணினிகளை இயக்கும் யூனிக்ஸ் என்னும் பெருங்குலம் எத்தனை கிளையாகப் பிரிந்து, கிளைக்கொரு சம்பிரதாயம் வைத்துக்கொண்டு, எத்தனை தலைமுறையாகப் பங்காளிக் காய்ச்சல் கண்டு கிடக்கிறது என்பதை அறியாமல் பிதுக்குகிறீர்கள். மந்திரம் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. ஆனால் வாசலுக்கு வருகிறவர்கள் எந்த வரிசையில் வருவார்கள், என்ன கையில் கொண்டு வருவார்கள் என்பது வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் பழகியதை எல்லா வீட்டிலும் எதிர்பார்த்தவன் கெட்டான்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வழக்கமாக முதலில் வருகிற இருவர் கோப்புகளே அல்லர். ஒற்றைப்புள்ளி என்று ஒருவர். அவர் அந்த வீடேதான். இரட்டைப்புள்ளி என்று இன்னொருவர். அவர் அதற்கு மேல்வீடு. இவர்களையும் நகலெடுக்கப் புகுந்தால் வீட்டுக்குள் வீடாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான், முடிவே வராது. ஆகவே முதலில் வரும் இருவரை முகம் பாராமலே 'போய் வாருங்கள்' என்று அனுப்பிவிட்டு, மூன்றாமவரிலிருந்து கணக்கெடுப்பது நம் நாயகனின் வழக்கம். கல்லூரி நாளிலிருந்து அவன் அப்படித்தான் செய்து வந்தான்.

அன்று காலை, எல்லோரும் நின்றபடி பேசிக் கலையும் கூட்டத்தில், ஆனேக்கலிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்து அலுத்திருந்த மேலாளர் சுந்தரமூர்த்தி ஓர் ஆணை பிறப்பித்தார். அடைவு படிக்கும் நிரல் நான்கு யந்திரங்களில் ஓடியாக வேண்டும். ஒன்று லினக்ஸ், ஒன்று ஃப்ரீபிஎஸ்டி, ஒன்று சோலாரிஸ்; மூன்றும் அக்குலத்துக் கிளைகள். நான்காவது, வாடிக்கையாளர் அனுப்பியிருந்த சேமிப்புப் பெட்டி. கறுப்பு நிறம், செருப்புக் கடைப் பெட்டி அளவு, உள்ளே ஓடுவது யூனிக்ஸ் குலத்தின் எந்தக் கிளை என்று செய்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. சோதனைப் பலகையில் நான்குக்கும் நான்கு விளக்கு. ஓடினால் பச்சை, உதைத்தால் சிவப்பு.

"தனித்தனியா இஃப்டெஃப் போட்டு வேலைய முடிச்சிடுப்பா. யாரு உள்ள வந்து பாக்கப்போறாங்க" என்றார் சுந்தரமூர்த்தி.

இஃப்டெஃப் என்பது ஒரே நிரலுக்குள் 'நீ லினக்ஸா, இப்படிப் போ. நீ சோலாரிஸா, அப்படிப் போ' என்று போலீஸ் தடுப்புக் கட்டை வைக்கிற தந்திரம். ஒரு கட்டை வைத்தால் இரண்டு வைக்கத் தோன்றும்; நாலு வருஷம் கழித்து எந்தப் பாதை எங்கே போகிறது என்று கட்டை வைத்தவனுக்கே விளங்காது. எனக்கும் அந்தக் கட்டைகளைக் கண்டால் ஆகாது, அதனால்தான் இந்த நாயகனைப் பாடுகிறேன்.

கேட்டான் அய்யாவு, கண் சிவந்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மூன்றாம் மாடியின் ஜன்னல்கள் அதிர, புறாக்கள் எழுந்து பறக்க, பிரிண்டர் தானாக ஒரு காகிதம் துப்ப, இவ்வாறு சபதம் உரைத்தான்:

"நாலுக்கும் ஒரே புரோகிராம் கோடு சார். ஒரு இஃப்டெஃப் கிடையாது. நாலுலயும் பச்சை எரியற வரைக்கும் நான் காபி தொட மாட்டேன்."

சபதம் எடுக்கிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. அதனால் பக்கத்தில் இருப்பவர் பாடு என்னவாகும் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை.

பக்கத்தில் இருந்தவள் வீணா. சோதனைப் பிரிவின் தலைவி. பிழை எங்கே ஒளிந்தாலும் முகர்ந்து பிடிக்கும் நாசியாள். நான்கு தலைமுறையாகப் பெங்களூரில் வேரூன்றி, தமிழில் தொடங்கிய வாக்கியத்தைக் கன்னடத்தில் முடித்தால்தான் நிம்மதி அடையும் குடும்பத்தில் வந்தவள். அவளும் அய்யாவும் பை-டூ கூட்டாளிகள். பை-டூ என்பது இந்த ஊரின் தனிப்பெரும் தர்மம்: ஒரு காபி வாங்கி, இரண்டு டம்ளரில் ஊற்றி, இருவர் குடிப்பது. முழு காபி குடித்தால் வீணாவுக்கு நெஞ்சு எரியும். குடிக்காவிட்டால் தலை வலிக்கும். அரை காபிதான் அவள் உடம்புக்கு மருந்து, அரை காபி தனியாக எந்தக் கடையிலும் கிடையாது, ஆகவே இன்னொரு பாதியைக் குடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இப்போது சபதம் எடுத்துவிட்டு மார்பை நிமிர்த்தி நின்றான்.

தினமும் நான்கு மணிக்கு இருவரும் கீழே இறங்கி, தெருமுனையில் சீனுவின் காபிக் கடையில் முதல் ஆட்களாக நிற்பார்கள். சீனு கைராசிக்காரர், ஆனால் சரிபாதியாக ஊற்றும் கை அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு டம்ளரில் எப்போதும் இரண்டு மடக்கு கூடுதல். அந்தக் கூடுதல் டம்ளரை எப்போதும் அய்யாவுதான் முந்தி எடுப்பான். வீணா ஒவ்வொரு நாளும் முறைப்பாள்.

நான்கு மணிக்கு இன்னும் வெகுநேரம் இருக்கிறது என்று வீணா காலையில் பொறுத்துக்கொண்டாள். சோதனைக்கென்று எல்லா யந்திரத்திலும் ஓர் அடைவு படைத்து, அதில் ஆபீஸ்காரர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்பு வைத்தாள். முதலில் தன் பெயரில் ஒன்று, அடுத்து அய்யாவு பெயரில் ஒன்று, பிறகு மற்றவர்கள், கடைசியில் உள்ளடைவுகள் சில. போர் தொடங்கியது.

முதல் மோதல் லினக்ஸோடு. ஒவ்வொருவரும் வாசலுக்கு வரும்போதே 'நான் கோப்பு', 'நான் அடைவு' என்று எழுதிய சீட்டொன்றைக் கையில் கொண்டு வருவது அங்கே வழக்கம். அய்யாவு அந்தச் சீட்டை நம்பினான். அவன் மடிக்கணினியில் அது பொய்த்ததே இல்லை. ஆனால் சோதனை யந்திரத்தில் பொருத்தியிருந்த பழைய வட்டு ஒன்று, எல்லார் சீட்டிலும் 'தெரியாது' என்று எழுதி அனுப்பியது. பொய் சொல்லவில்லை, தெரியாததைத் தெரியாது என்றது. மனிதரிடமே அரிதான குணம். நாயகனின் நிரலோ, அடைவு என்று சொல்லாதவரெல்லாம் கோப்புதான் என்று முடிவுகட்டி, உள்ளடைவுகளையும் கோப்பாக எண்ணி நகலெடுக்கப் பாய்ந்து, பாய்ந்த வேகத்தில் மூக்குடைபட்டது. விளக்கு சிவந்தது.

சோலாரிஸ் இன்னும் மோசம். அங்கே சீட்டு என்ற வழக்கமே கிடையாது. இல்லாத சீட்டைக் கேட்ட நிரலை அது வாசற்படியே ஏறவிடவில்லை.

அஞ்சினானா அய்யாவு? இல்லை. அம்பறாத்தூணியில் கைவிட்டு 'எல்ஸ்டாட்' என்னும் பழம்பெரும் அஸ்திரத்தை உருவினான். சீட்டு என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒவ்வொருவரையும் தனியே நிறுத்தி 'ஐயா, தாங்கள் யார்' என்று நேராகக் கேட்டு உறுதி செய்வதே அந்த அஸ்திரத்தின் வேலை. கொஞ்சம் மெதுவாகும், ஆனால் எல்லா ஊரிலும் செல்லும். லினக்ஸில் பச்சை எரிந்தது. ஃப்ரீபிஎஸ்டியோ, சம்பந்தி வீட்டார் போல ஒரு சொல்லும் பேசாமல் தானும் பச்சையானது.

சோலாரிஸ் உள்ளே விட்டது, ஆனால் இன்னொரு விளையாட்டுக் காட்டியது. சுந்தரமூர்த்தி பெயரில் இருந்த கோப்பு, பட்டியலில் 'சுந்தர்' என்று வந்தது. ஆபீஸில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால், யந்திரமும் அவரோடு நன்றாகப் பழகிவிட்டதென்றே ஒரு கணம் எல்லோரும் எண்ணினார்கள். இன்னொரு ஆபீஸ்காரனான ஸ்ரீஹர்ஷாவின் பெயரும் பாதியில் அறுந்து கிடந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வந்தவர் பெயரை அய்யாவு ஒரே அளவுள்ள நினைவகப் பெட்டியில் அப்படியே அள்ளிப் போட்டு வைத்திருந்தான். லினக்ஸ் அந்தப் பெட்டியிலேயே நீண்ட பெயருக்கும் தாராளமாக இடம் விட்டிருந்தது. சோலாரிஸ் கணக்குக்கு ஒரே ஓர் எழுத்துக்கு இடம் சொல்லிவிட்டு, மூலையில் மிஞ்சிய இடத்தில் ஆறு ஆங்கில எழுத்தை மட்டும் அடக்கி, மிச்சப் பெயரைப் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டிருந்தது. பெட்டியை மட்டும் தூக்கினால் தொங்கியது அறுந்து போகும். பெட்டியை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயரையும் அதன் நீளம் அளந்து முழுசாக எடுத்து வைத்தான் நாயகன். சுந்தர் மீண்டும் சுந்தரமூர்த்தி ஆனார். மூன்றாம் பச்சை எரிந்தது.

அப்போது மணி நான்கைத் தொட்டது.

நான்காம் விளக்கு சிவப்பு. கறுப்புப் பெட்டியில் நிரல் ஓடியது, உதைக்கவில்லை, அழவில்லை, ஆனால் மற்ற மூன்று யந்திரத்திலும் வந்த கணக்கைவிட இங்கே இரண்டு கோப்பு குறைந்தது. அய்யாவு மறுபடி ஓட்டினான்; இரண்டு குறைவு. பெட்டியை அணைத்து ஏற்றினான், இரண்டு குறைவு. ஒயரைப் பிடுங்கி, ஊதி, மீண்டும் சொருகினான். உயர்கல்வி பெற்றவர்கள் உலகெங்கும் கடைசியில் செய்வது அதைத்தான். அப்போதும் இரண்டு குறைவு.

வீணா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எழுந்திரு. மணி ஆச்சு."

"முடியாது வீணா. சொல்லிட்டேன்ல."

"நீ சபதம் பண்ணிண்டா பண்ணிக்கோ. அதுல என் அரை டம்ளர் எதுக்கு?"

அய்யாவு திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் காபி வேண்டும் போலிருந்தது, நாக்கு வறண்டிருந்தது, ஆனால் சுந்தரமூர்த்தி கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், இஃப்டெஃப் என்னும் சொல் அவர் உதட்டில் தயாராக இருந்தது. வீணா அவரிடம் போய்ப் பாதி காபிக்கு வருகிறீர்களா என்று கேட்டாள். "எனக்கு ஜீரகத் தண்ணிதாம்மா" என்று ஃப்ளாஸ்க்கைக் காட்டினார். வடிவமைப்புப் பிரிவில் டிரேவரும் டேரிலும் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே பைக்கில் வருபவர்கள், ஆனால் காபி என்று வந்தால் ஆளுக்கொரு முழு டம்ளர், யாருக்கும் ஒரு மடக்கும் விட்டுத்தராத கொள்கைக்காரர்கள். அவர்கள் வீணாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்கள்.

ஐந்து மணிக்கு மேல் சீனுவின் கடையில் பால் இராது. வீணாவின் இடது நெற்றிப்பொட்டில் முரசு ஒலிக்கத் தொடங்கியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அய்யாவின் அருகே அமர்ந்தாள்; வலியோடும் கோபத்தோடும் திரையைப் பார்த்தாள்.

"எந்த ரெண்டு காணோம்?"

அய்யாவு பட்டியலை உருட்டினான். சுந்தரமூர்த்தி இருந்தார், ஸ்ரீஹர்ஷா இருந்தான், டிரேவரும் டேரிலும் இருந்தார்கள்.

"நம்ம ரெண்டு பேருதான்" என்றான். "நீயும் நானும்."

"வேணும் உனக்கு" என்றாள் வீணா, நெற்றியை அழுத்திக்கொண்டு.

பெட்டிக்குள் கோப்புகள் இருக்கின்றன. வீணா தன் கையால் திறந்து பார்த்தாள், இரண்டும் பத்திரமாக இருந்தன. ஆனால் நிரலின் கண்ணுக்கு மட்டும் அவை படவில்லை. எல்ஸ்டாட்டை மீண்டும் எய்தான், பயனில்லை. பெயர்களின் நீளத்தை மீண்டும் அளந்தான், பயனில்லை. கடிகாரம் நகர்ந்தது, கீழே சீனுவின் பாத்திரத்தில் பால் வற்றிக்கொண்டிருந்தது, மாவீரனின் விரல், ஐயோ, விசைப்பலகையில் இஃப்டெஃப்பின் முதல் எழுத்துவரை போய்த் திரும்பியது. பாடுகிற எனக்கே நெஞ்சு பதறியது.

அச்சமயம் லிஃப்ட் திறந்து டிரேவரும் டேரிலும் வந்தார்கள். இருவர் முகமும் காபி குடித்தவர் முகமாக இல்லை.

"என்னா மச்சா இது அநியாயம்" என்றான் டிரேவர். "ஃபுல்லு குடிக்கலாம்னு போனா அந்த ஆளு பை-டூ ஊத்திக் குடுத்துட்டாரு."

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் வீணா.

"கேக்கவே இல்ல. போய் நின்னோம், அவ்ளோதான். தலைய தூக்கிக்கூட பாக்கல. ஒண்ண ரெண்டா ஊத்தி வெச்சிட்டாரு."

டேரில் இன்னும் அடங்கவில்லை. "ஏன்னு கேட்டா, நாலு மணிக்கு மொதல்ல வர்ற ரெண்டு பேரு பை-டூ தானேன்றாரு. அது அய்யாவும் வீணாவும், நாங்க வேற ஆளு, மூஞ்ச பாத்து ஊத்துங்கன்னு நல்லா கேட்டுட்டுதான் வந்தேன். அதுக்குள்ள கூட்டம் சேந்துடிச்சு, இன்னொண்ணு வாங்க முடியல."

அய்யாவின் விரல்கள் காற்றிலே நின்றன.  கண்ணாடியைக் கழற்றினான், துடைக்க மறந்தான், மங்கலான உலகத்தைப் பார்த்தபடி, தனக்கே சொல்லிக்கொள்பவன் போல மெல்லச் சொன்னான்:

"நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன்."

ஆம் அன்பர்களே. முதலில் வருகிற இருவர் ஒற்றைப்புள்ளியும் இரட்டைப்புள்ளியும்தான் என்று, தலை நிமிராமல், முகம் பாராமல், இத்தனை வருஷமாக அனுப்பிவைத்தானே, அந்தக் கறுப்புப் பெட்டியில் அவ்விருவரும் வாசலுக்கு வருவதே இல்லை. அங்கே முதலில் வந்து நின்றவர்கள் வீணாவும் அய்யாவும். அவர்களைத்தான் அவன் நிரல், யார் எவர் என்று கேளாமல், 'போய் வாருங்கள்' என்று வழியனுப்பிக்கொண்டிருந்தது. தன்னைத் தானே வாசலில் இருந்து துரத்திய வீரனை வேறெந்தப் போர்க்களத்தில் கண்டீர்கள்? அய்யாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"மூஞ்ச பாக்கணும்" என்றாள் வீணா, தலைவலியையும் மீறிச் சிரித்து. "வரிசைய பாக்கப்படாது. ஆயித்தா? போடு சீக்கிரம், பால் தீந்துடும்."

இரண்டு பேரைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிய வரியை அய்யாவு வெட்டி எறிந்தான். வருகிற ஒவ்வொருவர் பெயரையும் பார். ஒற்றைப்புள்ளியா, இரட்டைப்புள்ளியா, ஆமெனில் மட்டும் அனுப்பு. முதலில் வந்தாலும் சரி, நடுவில் வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி. அவ்வளவே எழுதினான். ஒரு தடுப்புக் கட்டையும் வைக்கவில்லை. அரைப்புள்ளி பறந்தது, நிரல் புறப்பட்டது, நான்கு யந்திரங்களும் உறுமின; முதல் பச்சை, இரண்டாம் பச்சை, மூன்றாம் பச்சை, சற்றே மூச்சுப் பிடித்து யோசித்த கறுப்புப் பெட்டியின் நான்காம் பச்சை. சுந்தரமூர்த்தி எழுந்து வந்து பலகையைப் பார்த்து, "பரவால்லயே" என்றார். அவர் வாயில் அதுதான் பூமாரி.

வெற்றி வீரனும் அவன் கூட்டாளியும் லிஃப்டை நம்பாமல் படிக்கட்டுகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார்கள். ஆலயத்திலிருந்து திரும்பும் கூட்டம் தெருவை நிறைத்திருந்தது. ஆட்டோக்கள் ஒலித்தன, மெழுகுவத்திக் கடைகள் மின்னின. சீனுவின் கடையில் பாத்திரத்தின் அடியில் இன்னும் கொஞ்சம் பால் இருந்தது. டேரில் கேட்டதை மறக்காத சீனு, வாழ்நாளில் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, என்ன வேண்டும் என்று யாரோ புதியவர்களிடம் கேட்பது போலக் கன்னடத்தில் கேட்டார்:

"ஏனு பேக்கு?"

"ஒன் பை டூ" என்றான் அய்யாவு. 

சீனு ஊற்றினார். கூடுதலும் குறைவுமாக இரண்டு டம்ளர்கள் மேடைமேல் நுரை பொங்கி நின்றன. சபதம் முடித்த செம்மல், நால்வகை யந்திரமும் நடுங்க வென்ற நாயகன், இஃப்டெஃப் என்னும் இருளை இறுதிவரை தீண்டாத தூயோன், இத்தகைய திருநாளில் எடுத்த எடுப்பில் குடித்துவிடுவது முறையாகாதென்று எண்ணி, இரு கைகளையும் விரித்து, விவேக் நகரத்து வீதிகளும் வந்து போகும் பஸ்களும் கேட்க, "இனிமே எந்த ஊர் மெஷின் வந்தாலும், என்ன வரிசைல வந்தாலும், அய்யாவு கோடு நிக்கும் வீணா, நிக்கும்" என்று முழங்கிக்கொண்டிருந்த அந்தப் பொன்னான பொழுதிலே,

கூடுதலாக இருந்த டம்ளரை வீணா எடுத்துக்கொண்டாள்.